நீங்கள் திருப்பிப் போட்ட இலை

கண்ணுக்குக் கண்ணான என் அண்ணே,

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து இன்றோடு ஐந்து நாள். எழுத்து கோணல்மாணலாக வந்தால் திட்டாதீர்கள்.

திங்கட்கிழமை நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு வெள்ளிக்கிழமை உங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாடாளுமன்றக் கூட்டம் முடிந்து ரயிலில் வந்தவர், மலாக்காவுக்கு இறங்கும் தம்பின் ஸ்டேஷனில் இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தாராம், எழுந்திருக்கவே இல்லையாம். அதையே இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. அதற்குள் இன்னொரு இடி.

செத்துப் போன காத்தமுத்து நம் வீட்டு வாசலில் வந்து நின்றார், அண்ணே.

பதினாறாம் நாள், பந்தி நடந்துகொண்டிருந்த நேரம். காக்கிச் சட்டை, தலை முழுக்க நரை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ரப்பர் தோட்டத்து ஆள், ஏதோ மனு கொடுத்துவிட்டுப் போனவர் என்று நினைத்து உட்காரச் சொன்னேன். அவர் உட்காரவில்லை. உங்கள் படத்தைப் பார்த்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். பிறகுதான் பெயரைச் சொன்னார். கையிலிருந்த சாம்பார் வாளியை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

அந்தப் பெயர் எனக்கா தெரியாது? வெள்ளைக்காரனை எதிர்த்த பர்மாச் சண்டையிலிருந்து காலை நொண்டிக்கொண்டு நம் கஜா பெராங் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நீங்கள் சொன்ன பெயர். குண்டடி பட்ட உங்களை மூன்று நாள் காட்டில் சுமந்தவர், காய்ச்சல் கண்டு உங்கள் மடியிலேயே உயிரை விட்டவர். பஸ்ஸில் டிக்கெட் கிழித்த காலத்திலும் சொன்னீர்கள், தொழிற்சங்கத்துக்காரர் ஆன பிறகும் சொன்னீர்கள். சுதந்திரம் வந்து முதல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்றபோது மேடைக்கு மேடை அதைத்தான் சொன்னீர்கள். கேட்ட பொம்பளைகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே போய் ஓட்டுப் போட்டார்கள். நானும் துடைத்துக்கொண்டவள்தானே.

ஒவ்வொரு போகிக்கும் அப்பா, அம்மா இலைக்குப் பக்கத்தில் அவருக்கும் ஒரு இலை. இறந்தவர்களுக்கு நுனி தெற்கே பார்க்க வைப்பது நம் வீட்டு வழக்கம். பல தலைமுறையாக மலாய் பேசும் பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டிக் குடும்பத்துக்குத் தமிழ் வராது, ஆனால் முன்னோருக்குப் படைப்பதில் நம்மைவிடக் கெட்டி. அந்தப் பெரியம்மாகூட மலாயில் கேட்பார், மூன்றாவது இலை யாருக்கென்று. எங்கள் அண்ணனின் உயிரைக் காப்பாற்றிய சாமிக்கு என்பேன். அவருக்குப் பிடிக்கும் என்று நீங்கள் சொன்னதால் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு தவறாமல் வைப்பேன். உயிரோடு இருந்த மனுஷனுக்கு, அண்ணே. புக்கிட் ரம்பாய் பக்கத்தில் ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டிக்கொண்டிருந்த மனுஷனுக்கு. பஸ் ஏறினால் அரை மணி நேரம்.

"அவர் மடியில உங்க உயிர் போச்சுன்னாரே?" என்று அவரையே கேட்டேன். வேறு யாரைக் கேட்பது?

"போகலம்மா. மாட்டு வண்டியில ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்துச்சு. நான்தான் அவரைப் போகச் சொன்னேன். நான் பிழைப்பேன்னு எனக்கே தெரியாது" என்றார்.

ஒரு மலைச்சாதிக் கிழவி கஞ்சி ஊற்றிக் காப்பாற்றினாளாம். ஊர் திரும்பியபோது, அந்தப் படையில் இருந்தவர்களை வெள்ளைக்காரன் பிடிக்கிறான் என்று பயந்து, அடையாளக் கார்டில் வேறு பெயர் கொடுத்துவிட்டாராம். உங்களைக் கண்டதே தேர்தல் சமயத்தில்தானாம், செமாபோக் கூட்டத்தில். கூட்டத்தின் ஓரத்தில் நின்று தன் சாவைத் தானே கேட்டிருக்கிறார். பாதியில் நீங்கள் அவரைப் பார்த்தீர்களாம். பேச்சை நிறுத்தித் தண்ணீர் குடித்தீர்களாம்.

அந்தத் தண்ணீரை எடுத்துக் கொடுத்தவள் நான். வெயில் என்று நினைத்தேன். நீங்கள் மறுபடி பேசத் தொடங்கியபோது கதை போய் பள்ளிக்கூடம், குடியுரிமை என்று எங்கேயோ போயிற்று. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் நீங்கள் காத்தமுத்து பெயரை எடுக்கவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிற்று போல என்று நினைத்தேனே, மடச்சி.

எனக்குக் கோபம் வருகிறது, அண்ணே. விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு மடியில் செத்தான் என்றீர்கள். அது அறியாத காலம், போகட்டும். உயிரோடு பார்த்த பிறகு? நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று, பிறப்புச் சான்று இல்லாத தோட்டத்து ஜனங்களுக்காக மலாயில் வாதாடினீர்களே. அந்த வாய்க்கு வீட்டில் ஒருத்தியிடம் உண்மையைச் சொல்ல ஏன் முடியவில்லை?

ராத்திரி படுத்தால் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. ஜெயித்த பிறகு ஞாயிறு தவறாமல் தோட்டம் தோட்டமாகப் போனீர்கள். ஜெயிச்சவன் யாராவது ஓட்டுக் கேட்டுப் போவானா என்று கேலி செய்தேன். அவரைத் தேடித்தானே போனீர்கள்? ஒரு தடவை அவர் குடியிருந்த லயத்து வீட்டுக்கே போயிருக்கிறீர்கள். அவர் பால் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாராம்.

ஏன் ஒளிந்தீர்கள் என்றேன். "எங்க தோட்டத்துல பாதிப் பேருக்குக் குடியுரிமை வாங்கிக் கொடுத்தவரும்மா. நான் வெளியே வந்தா அவர் பேச்சு பொய்யாயிடும். செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன். இப்ப அவரே போயிட்ட பிறகு வராம இருக்க முடியல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு அந்தப் போகி. செமாபோக் கூட்டத்துக்கு அடுத்து வந்தது. நான் மூன்று இலையும் நுனி தெற்கே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் வருவதற்குள், மூன்றாவது இலையை எடுத்து உங்கள் இலைக்குப் பக்கத்தில், சாப்பிட உட்காருகிறவருக்கு இடப்பக்கம் நுனி வருகிற மாதிரி திருப்பிப் போட்டிருந்தீர்கள். படையல் இலையை யாராவது இப்படிப் போடுவார்களா என்று கத்தினேன். நீங்கள் உங்கள் இலைக்கு முன் உட்கார்ந்தீர்கள். வாசலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். குழம்பு ஆறிப் போகும்வரை கை வைக்கவில்லை. அடுத்த வருஷமும் அப்படித்தான், அதற்கடுத்த வருஷமும். வயதானால் பிடிவாதம் என்று நானும் விட்டுவிட்டேன். சொல்ல முடியாததை அந்த இலையில் சொல்லிக்கொண்டிருந்தீர்களா? அதைப் பார்க்க வேண்டியவர் வாசல் வரைக்கும் வரவில்லையே, அண்ணே.

இந்த இலை விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

நேற்று கட்சிச் செயலாளர் வந்தார். உங்கள் இடத்துக்கு இடைத்தேர்தல் வருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்தில் நான் மேடையேறி, மடியில் உயிர் போன கதையைச் சொல்ல வேண்டுமாம். விஷயத்தைச் சொன்னேன். மனுஷன் முகம் செத்துவிட்டது. தேர்தல் முடியும்வரை வாயைத் திறக்காதீங்கக்கா, அண்ணன் பேரு கெட்டுடும் என்றார். ராத்திரி முழுக்க அதையே யோசித்தேன். எனக்கும் பயம்தான். உங்கள் பெயர் போனால் எனக்கு வேறென்ன மிச்சம்? ஆனால் ஒரு உயிருள்ள மனுஷன் உங்கள் பெயருக்காகச் செத்தவராய் ஒளிந்து நின்றது போதும். இனி அவர் நிற்கக் கூடாது.

காத்தமுத்தண்ணனிடம் அனுமதி கேட்டுவிட்டேன். உங்க இஷ்டம்மா என்றார். அதனால் இந்தக் கடிதம் பத்திரிகைக்கும் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மேடையில் நடந்ததை நடந்தபடி சொல்வேன், வண்டியில் ஒருவருக்குத்தான் இடம் இருந்தது என்பதையும் சொல்வேன். திட்டுகிறவர்கள் திட்டட்டும். நான் திட்டாத திட்டா?

வருகிற போகிக்கு அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் இலையை அப்பா, அம்மாவுக்குப் பக்கத்தில் நுனி தெற்கே போட நான் இன்னும் மனதைத் தேற்றிக்கொள்ளவில்லை, ஆனாலும் போடுவேன். அவர் இலையை நீங்கள் போட்ட மாதிரியே போட்டு, சுடச்சுடப் பரிமாறுவேன். இது சத்தியம்.

இன்னொன்று. அவருக்குக் கருவாட்டு வாடையே ஆகாதாம். உங்களுக்கு உயிர் என்று தன் பங்கையும் உங்கள் தட்டில் போடுவாராம்; தனக்குப் பிடித்ததை விட்டுக்கொடுக்கிறார் என்று நீங்கள் நினைத்துவிட்டீர்கள் போல. ஆகவே இந்த வருஷம் கருவாட்டுக் குழம்பு உங்கள் இலைக்கு மட்டும்.

உங்களோடு சண்டை போட இனி ஆளில்லாத,
உங்கள் தங்கச்சி