மூத்தவளை யாரும் கேட்கவில்லை

தென்னூர், திருச்சி
ஆகஸ்ட் 24, ஞாயிறு

அன்பு மகள் பெலிண்டாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், கடல் தாண்டி பெர்கனில் அந்த ஓயாத மழைக்குள்ளே நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று காலைப் பூசையில் உன் பெயரைச் சொல்லிவிட்டு வந்துதான் பேனாவை எடுத்தேன். போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ முதலில் கேட்பது அப்பாவின் பிரஷர், அடுத்தது என் முழங்கால், இரண்டுக்கும் பதில் சொல்லி முடிப்பதற்குள் உனக்கு லேபுக்கு நேரமாகிவிடுகிறது. இது கொஞ்சம் நீளமான சமாச்சாரம், காகிதத்தில்தான் அடங்கும். உன் தங்கை ஜெஸ்லின் நன்றாக இருக்கிறாள், அவள் மகனுக்கு முன்பல் விழுந்துவிட்டது, அதைத் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறான். ஆடியில் அணையிலிருந்து திறந்த தண்ணீர் இன்னும் குறையவில்லை, காவிரி இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு போகிறது.

இந்த ஆறு வாரமாக சனிக்கிழமை மத்தியானம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்குப் போய் வருகிறேன். பாலத்தின்மேல் பஸ் மெதுவாகும்போது ஜன்னல் வழியே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தால் பஸ் நின்றுவிட்டது போலவும் ஆறுதான் என்னை எங்கோ கூட்டிக்கொண்டு போவது போலவும் இருக்கும். காலேஜில் என்னோடு படித்த பத்மாசனியின் வீடு உத்திரை வீதியில் இருக்கிறதே, உனக்கு ஞாபகமிருக்கும், அவள் மாடி அறையில்தான் நாங்கள் மூன்று பேரும் கூடுகிறோம். மூன்றாவது ஆள் ஷரபுன்னிசா. பி.ஏ. படித்தபோது ஒரே பிரதியைச் சுற்றுக்கு விட்டுப் படித்த ஒரு பழைய காதல் நாவல் பத்மாசனியின் பரணில் கிடைத்ததாம், அதை முதலிலிருந்து வாசிப்போம் என்று ஆரம்பித்தோம். ஒருத்தி வாசிப்பாள், மற்ற இருவரும் பாயில் சாய்ந்துகொண்டு கேட்போம். வெளியே கோபுரத்துக் கிளிகள் கத்தும், மின்விசிறி காற்றில் பக்கங்கள் தாமாகப் புரளும், பாதி விழிப்பும் பாதி உறக்கமுமாக எனக்குப் பத்தொன்பது வயதாகிவிடும். பத்மாசனி தின்பதற்கு முறுக்கும் தட்டையும் கொண்டுவந்து வைத்த பிறகுதான் அறுபத்து நான்காகும்.

கதை இதுதான். ஆற்றங்கரை ஊரில் அக்காளும் தங்கையும். அக்காள் பேசவே மாட்டாள், தங்கைக்கு மனதில் தோன்றியது வாயில் வந்துவிடும். மாடிக்குக் குடிவந்த இஞ்சினியர்மேல் இருவருக்கும் ஆசை. தங்கை எல்லார் முன்னிலையிலும் ரயிலடியில் வைத்து அவனிடம் சொல்லிவிடுகிறாள். அக்காள் ஒரு வார்த்தை பேசாமல் தங்கையின் கல்யாண ரவிக்கைக்குத் தானே கொக்கி தைத்துக் கொடுக்கிறாள். போன சனிக்கிழமை அந்த அத்தியாயத்தை நான்தான் வாசித்தேன். முடித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த அக்காள் அப்படியே என் பெலிண்டாதான், தனக்கென்று ஒன்றும் கேட்காத பிள்ளை என்று பெருமையாகச் சொன்னேன். பத்மாசனி தங்கையின் கட்சி. பிடிச்சவாளைப் பிடிச்சிருக்குன்னு சொல்றது ஒரு குத்தமா, சின்னவ நன்னா கேட்டு வாங்கிண்டா, பெரியவளுக்கு வாய் இல்லையோ என்றாள். நான் விடாமல் அக்காளின் அடக்கத்தைப் பேசிக்கொண்டே போனேன். ஷரபுன்னிசா அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "ராணி, அந்த அக்காவ யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? முன்னூறு பக்கம் தாண்டியாச்சு, அவ அம்மாகூட கேக்கலையே" என்றாள்.

நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்புறம்தான் தன் கதையைச் சொன்னாள், நாற்பது வருஷத்துக்கும் மேலான சிநேகிதத்தில் எங்களுக்கே தெரியாத கதை. அவளைப் பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை வீட்டார் தங்கை ஜெஸிமாவைக் கேட்டார்களாம். ஷரபுன்னிசாவுக்கோ வந்தவரைப் பிடித்துப்போயிருந்தது. அவள் அப்பா, அத்தா என்றுதான் அவள் கூப்பிடுவாள், வந்து எதிரே நின்றாராம், இவள் தங்கைக்கே ஆகட்டும் என்று தலையை ஆட்டினாளாம். "அன்னையிலேருந்து ஊர்ல எல்லாரும் என்னைய சபூர்க்காரி, பொறுமைசாலின்னு சொல்றாங்க. எனக்குப் பொறுமையெல்லாம் இல்ல ராணி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். தலைய ஆட்டுனதும் அத்தா மூஞ்சியில ஒரு நிம்மதி வந்துச்சு பாரு, அதுக்கப்புறம் நான் எங்க பேசுறது" என்றாள். பத்மாசனி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த நிம்மதி என்ற வார்த்தையே ஓடிக்கொண்டிருந்தது. பெலிண்டா, அந்த நிம்மதி என் முகத்திலும் ஒருநாள் வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் உன்னோடு லேபில் வேலை பார்த்த பீமராவ், அந்தத் தஞ்சாவூர் மராட்டிப் பையன், நீ மறந்துவிட்டு வந்த குடையைக் கொடுக்க இரண்டு தடவை நம் வீட்டுக்கு வந்தான். ஒரு குடையை இரண்டு தடவை எப்படி மறப்பார்கள் என்று எனக்கு அப்போதே தோன்றியது. அவன் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நீ சமையலறை வாசலில் நின்ற நிலையையும் பார்த்தேன். உன்னைக் கேட்க வேண்டுமென்று இருந்தேன். அதே வாரத்தில்தான் ஜெஸ்லின், அப்பா வாக்குக் கொடுத்திருந்த இடத்தை வேண்டாமென்று சொல்லி, பிரிட்டோவைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். அப்பாவுக்கு பிரஷர் ஏறி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நீதான் இட்லி கட்டிக்கொண்டு போனாய், தங்கைக்காக அப்பாவிடம் பேசினாய், கல்யாணத்துக்கு ஓடியாடி எல்லாம் செய்தாய், மூன்று மாதத்தில் வெளிநாட்டு வேலைக்கு எழுதிப்போட்டுக் கிளம்பிவிட்டாய். அந்தப் பையன் பேச்சை நீ எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நல்லவேளை இவளாவது நமக்குத் தொல்லை கொடுக்கவில்லை என்று ஏர்போர்ட்டிலிருந்து திரும்பும்போது நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்பதை இன்றுவரை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட நான் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலையில் பொன்மலையில் ஜெஸ்லின் இருக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பீமராவ் என்று சொன்னதும் கத்தியை வைத்துவிட்டாள். "எனக்குத் தெரியும்மா. அக்கா என்கிட்ட சொல்லிட்டா. நான்தான் அவ கையப் புடிச்சுக்கிட்டு, இப்ப நீயும் சொன்னா அப்பா தாங்க மாட்டாரு, என் கல்யாணம் முடியட்டும்க்கா, அப்புறம் சொல்லுன்னு கெஞ்சுனேன். முடிஞ்சதும் நான் என் சந்தோஷத்துல மறந்துட்டேன். ஞாபகம் வந்தப்ப அவ போயிட்டா" என்று சொல்லி அழுதாள். எப்போதும் எதையும் உடனே கொட்டிவிடுகிற பெண் இதை மட்டும் எட்டு வருஷம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பீமராவுக்கு நாலு வருஷம் முன்னால் கல்யாணமாகிவிட்டதாம், அதுவும் அவள் சொல்லித்தான் தெரியும், உனக்கு முன்பே தெரிந்திருக்கும். அது இப்போது வேறு வீடு, அந்தப் பக்கம் நாங்கள் யாரும் போக மாட்டோம், நீ பயப்பட வேண்டாம். தங்கைமேல் கோபம் இருந்தால் அவளிடமே சொல், வாங்கிக்கொள்வதற்குத் தயாராக இருக்கிறாள்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேகவைத்த கடலையை உரித்துக்கொண்டிருந்தார், உரித்ததைத் தின்னாமல் தட்டிலேயே சேர்த்துக்கொண்டு வந்தார். கடைசியில், "எனக்குத் தாங்காதுன்னு நீங்க எல்லாரும் எப்ப கூடி முடிவு பண்ணீங்க" என்று கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை. "அந்தப் புள்ள என்கிட்ட வந்திருந்தா ரெண்டு நாள் கத்தியிருப்பேன். மூணாம் நாள் அந்தப் பையன வரச் சொல்லியிருப்பேன்" என்றார். கத்தியிருப்பார் என்பது உண்மை, வரச் சொல்லியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது, அவர் அதை நம்புகிறார். மறுநாள் காலையில் குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார், எங்கே என்று சொல்லவில்லை. மத்தியானம் வந்து இரண்டு படிவங்களை மேஜைமேல் வைத்தார். ஏரோப்ளேனில் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று இத்தனை நாள் பிடிவாதம் பிடித்த உன் அப்பா தைரியராஜ், எனக்கும் தனக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். வருகிற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே பனியில் போட ஸ்வெட்டர் எந்தக் கடையில் நல்லதாகக் கிடைக்கும் என்று பிரிட்டோவிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறார், அவனுக்கு என்ன தெரியும் பாவம்.

நேற்று நாவலை முடித்துவிட்டோம். ஆசிரியர் அக்காளுக்கு ஒரு பள்ளிக்கூட வேலையும் வாசலில் ஒரு பவழமல்லி மரமும் கொடுத்து அவள் மனம் அமைதியடைந்தது என்று எழுதி நிறுத்திவிட்டார். எழுதினவருக்குக் கை வலிச்சிருக்கும் என்றாள் பத்மாசனி. ஷரபுன்னிசா அந்தக் கடைசிப் பக்கத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இல்லை, எனக்கு இது போதாது என்றாள்.

எனக்கும் போதாது கண்ணு. அதனால் கேட்கிறேன், எட்டு வருஷம் பிந்திக் கேட்கிறேன், மன்னித்துக்கொள். உனக்கு என்ன வேண்டும்? அங்கே உன் மனதுக்குப் பிடித்தவர் யாராவது இருந்தால் அவர் யாராக இருந்தாலும் சொல். யாரும் இல்லை, தனியாக இருப்பதுதான் பிடித்திருக்கிறது என்றால் அதையும் சொல். நாங்கள் வந்து ஒரு மாதம் உன்னோடு இருக்கலாமா என்று அப்பா கேட்கச் சொல்கிறார். எங்களுக்காகச் சரி என்று எழுதிவிடாதே. வரவேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்றே எழுது. இத்தனை வயதில் நீ எங்களிடம் சொல்லும் முதல் வேண்டாமாக அது இருக்கும், நான் அதை சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன்.

ஆரோக்கிய மாதா உன்னை நிழலாக இருந்து காக்கட்டும். நெல்லிக்காய் ஊறுகாய் தனியாக அனுப்பியிருக்கிறேன், ஈரக் கரண்டி போடாதே. மழையில் நனைந்தால் உடனே தலையைத் துவட்டு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா
லூர்துராணி தைரியராஜ்