மூச்சு மூன்று

பிப்ரவரி 11

ஆற்றுப் பாலம் நடுவில் உட்கார்ந்துபோன வருஷம் இது. கல்குவாரிக்குப் பூட்டுப் போட்டதும் இதே வருஷம்தான், பாலத்துக்கு முந்தின வாரம். இடிந்த பாலத்தை வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் பாதி, வேலை போய் வெறுமனே நின்ற எங்கள் ஆட்கள்.

எனக்கு எழுத்து தெரியாது, பெருவிரல்தான். சொல்வது நான், எழுதுவது மருமகள். "மெதுவா சொல்லுங்க மாமா, என் கை உங்க வாயில்ல" என்கிறாள். என் பேச்சை ஒழுங்குபடுத்தி எழுதுவாள். ஆத்திரத்தில் வருவதை மட்டும் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

நுரையீரலில் கல்தூசி படிந்தவர்களுக்கான வார்டு இது. நாங்கள் நாலு பேர். பாறையில் மருந்து வைத்த வெடிக்காரர். டிப்பர் ஓட்டிய டிரைவர். கல்லை நொறுக்கும் கிரஷருக்கு எதிரே தகரக் கொட்டகையில் உட்கார்ந்து லோடு எழுதிய கணக்கர். "நான் கல்லைத் தொட்டதே இல்ல டாக்டர்" என்று இன்றைக்கும் வாதாடுகிறார், தொட்டால்தான் வரும் என்பதுபோல. நான் கிரஷர். இயந்திரத்தின் பேரே எனக்கும் ஒட்டிவிட்டது.

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு அம்மா வருகிறார். குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் மூன்று நீலப் பந்துகள் மேலே ஏற வேண்டும். அதனால் அவர் பந்தம்மா. எனக்கு ஒரு பந்து ஏறும். வெடிக்காரருக்கு ஒன்று நடுங்கும், அவ்வளவுதான்.

இன்று பந்தம்மா பகடையோடு வந்தார். நாமே ஆட்களை உண்டாக்கி, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அவர்களாகவே பேசி ஆடுகிற ஆட்டமாம். "பேசணும், சிரிக்கணும், சண்டை போடணும். அதுவும் பயிற்சிதான்" என்றார்.

"கழுதை வயசுல வேஷமா?" என்றார் வெடிக்காரர். ஆனால் நாற்காலியை முதலில் இழுத்துப் போட்டவரும் அவர்தான்.

பிப்ரவரி 12

ஒரு ஆளுக்கு ஆறு விஷயம் வேண்டும்: பலம், வேகம், மூச்சு, புத்தி, காது, பேச்சு. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், மூன்று முதல் பதினெட்டு வரை. ஆளை உண்டாக்க ஒரே வழி இல்லை, அவரவர் இஷ்டம் என்றார் பந்தம்மா. அங்கேதான் தொடங்கியது கூத்து.

கணக்கர், மொத்தமாக இத்தனை புள்ளி என்று கேட்டு வாங்கி, பென்சில் தேயத் தேயப் பிரித்துப் பிரித்து எழுதினார். மந்திரி என்று பேர்.

டிரைவர் எண்ணையே தொடவில்லை. தன் ஆள் எங்கே பிறந்தான், அம்மா எப்படிச் செத்தாள், எந்தக் குதிரையைத் திருடினான், எவளுக்காகத் திருடினான் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். "எண்ணெல்லாம் கடைசியில, முதல்ல மனுசன் வரட்டும்." அவன் குதிரைக்காரன்.

வெடிக்காரர் மூன்று பகடையையும் கையில் குலுக்கி வரிசையாகப் போட்டார். விழுந்ததை விழுந்தபடி எழுத வேண்டும், மாற்றக் கூடாது. புத்திக்குப் பதினாறு. மூச்சுக்கு ஒன்று, ஒன்று, ஒன்று.

"வேணும்னா இன்னொரு தடவை போடுங்க" என்றார் பந்தம்மா.

"நாம பொறக்கறப்ப ரெண்டாவது தடவை போட்டாங்களா?" மூச்சு மூன்றுள்ளவனுக்குக் கொசு என்று பேர் வைத்தார்.

எனக்குத் தாளில் எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. அப்படியும் ஒரு வழி உண்டு என்றார் பந்தம்மா. "உங்க ஆள் காலியாவே வரட்டும். பதினைஞ்சு புள்ளி கையில வச்சுக்கங்க. எது தேவைப்படுதோ அப்ப அதுல போடுங்க. போடப் போடத்தான் அவன் யாருன்னு உங்களுக்கே தெரியும்." அதனால் என் ஆளுக்குப் பேர்கூட இல்லை.

மற்ற இரண்டு தாளையும் பந்தம்மா வாங்கிப் பார்த்தார். கணக்கர் மூச்சுக்குப் பதினெட்டு. டிரைவர், கதையெல்லாம் முடித்துக் கடைசியில் எண் வைத்தபோது, அவரும் மூச்சுக்குப் பதினெட்டு. புத்தி இரண்டு பேருக்கும் தரை தட்டியது. "அய்யா, மந்திரிக்குப் புத்தி நாலுதானா?" என்று சிரிக்க ஆரம்பித்தவர், எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பிப்ரவரி 20

ஒரு மலைக்கு அடியில் போகிறோம். அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். அவ்வளவுதான் கதை. மூன்று நாளாக ஒரு கதவைத் திறக்க முடியவில்லை. மந்திரி தோளால் இடிக்கிறான், குதிரைக்காரன் குதிரையை விட்டு உதைக்கச் சொல்கிறான்.

"யோவ் கணக்கு, பதினெட்டு மூச்சை வச்சு ஊதித் திறவேன்" என்றார் டிரைவர்.

கொசுதான் திறந்தான். தள்ளுகிற கதவு இல்லை, நம் பக்கமாக இழுக்கிற கதவு.

பிப்ரவரி 23

கதவுக்கு அப்பால் புகை. புகைக்குள் ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று பகடை போட வேண்டும், விழுவதன் மொத்தம் அவனவன் மூச்சு எண்ணைத் தாண்டக் கூடாது. வேறொருவன் தன் மூச்சிலிருந்து அந்த ஒரு தடவைக்குக் கொடுக்கலாம். குதிரைக்காரனின் குதிரைக்காக மந்திரி இரண்டு கொடுத்தான். கொடுத்துவிட்டுக் கணக்கர், "திருப்பித் தரணும்" என்றார். கொடுத்தது திரும்பாது என்றார் பந்தம்மா. கணக்கர் அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

கொசு மூன்றை வைத்துக்கொண்டு புகையில் கால் வைக்க முடியாது, கதவருகிலேயே உட்கார்ந்திருக்கிறான். என் ஆள் அவன் பக்கத்தில் நின்றான். ஏன் நின்றான் என்று எனக்கும் தெரியவில்லை. காதில் இரண்டு புள்ளி போட்டேன். அவன் மூச்சு இழுப்பது கேட்கட்டும் என்று.

மார்ச் 2

மந்திரி குழியில் விழுந்து செத்தான். மிச்சம் பதினாறு மூச்சும் அப்படியே இருந்தது, கண் பார்க்கவில்லை. கணக்கர் ஆடவில்லை என்று படுத்துவிட்டார்.

மார்ச் 9

கணக்கர் போய்விட்டார். காலையில் கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

மார்ச் 21

டிரைவர். வீட்டுக்குப் போகிறேன் என்று சட்டை மாட்டினார். ஒரு கை மாட்டினார்.

மார்ச் 23

மேசையில் இரண்டு பேர். குதிரைக்காரனை என்ன செய்வது என்று பந்தம்மா கேட்டார். வெடிக்காரர் பட்டென்று சொன்னார்: "ஆடறவன் போனா ஆளும் போகணும். அங்கயே சாச்சு மேல கல்லை அடுக்குங்க." அடுக்கினோம். குதிரையை அவிழ்த்துவிட்டோம்.

மார்ச் 30

வெடிக்காரரால் எழுந்து வர முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டு வைக்கிற பலகையைக் கட்டிலுக்குக் குறுக்கே வைத்து ஆடினோம். ஆக்சிஜன் முகமூடியை விலக்கி விலக்கிப் பேசினார்.

"கிரஷரு. நான் போனா கொசு?"

"நீங்கதானே சொன்னீங்க, ஆளும் போகணும்னு."

"அது டிரைவருக்கு. கொசுவுக்கு எப்பச் சொன்னேன்?" சிரித்தார், சிரிப்பு இருமலாகி உதடு நீலம் பாய்ந்தது. நர்ஸ் வந்து என்னைத் திட்டினார். நர்ஸ் போனதும் வெடிக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வெளிய கொண்டாந்துடு. கள்ளாட்டம் வேணாம். பகடையைத் திருப்பி வைக்காத. எனக்குத் தெரிஞ்சிடும்."

எத்தனை பாறையில் மருந்து வைத்து, எத்தனை பேரை ஓடச் சொல்லிக் கத்திய குரல். அவர் கத்தியபோதெல்லாம் ஓடியவன் நான்.

என் ஆள் கொசுவை முதுகில் தூக்கிக்கொண்டான். பலத்தில் நாலு போட்டேன். அவிழ்த்துவிட்ட குதிரை ஓடிய வழியில் புகை விலகியிருக்கிறது, கடைசிக் கட்டத்துக்கு மட்டும் பகடை போட்டால் போதும் என்றார் பந்தம்மா.

ஏப்ரல் 3

ரெண்டு நாளா கண்ணத் திறக்கல. என்னய்யா இது. பாறைக்கே ஓட்டை போட்ட ஆளு. ஒரு பந்து, ஒரே ஒரு பந்து ஏத்த முடியலையே இவருக்கு. வந்து பார்க்கக்கூட ஒருத்தர் இல்ல. எழுதும்மா, எழுது, அழாத. எழுது.

ஏப்ரல் 4

வெடிக்காரர்.

ஏப்ரல் 10

பலகை இப்போது என் கட்டிலுக்குக் குறுக்கே. பந்தம்மா ஒரு வாரமாகக் குழாயை எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. "ஆட்டத்தை முடிச்சிடலாமா, இல்ல இப்படியே விட்டுடலாமா அய்யா?" என்றார். கடைசிக் கட்டம் மிச்சம், அதைத் தாண்டினால் வெளிச்சம் என்றேன்.

முதலில் கொசுவுக்குப் போட வேண்டும். மூன்று பகடையும் ஒன்று விழுந்தால்தான் உண்டு. பந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டுமென்றே திரும்பினார், எனக்குத் தெரியும். மூன்று பகடையை ஒன்று ஒன்று ஒன்றாக வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கையில் பகடையோடு உட்கார்ந்திருந்தேன்.

"உங்க ஆளோட மூச்சு என்னன்னு இன்னும் எழுதவே இல்லையே அய்யா" என்றார், திரும்பாமலே.

இல்லைதான். எல்லாரும் முதல் நாளே மூச்சில் கொட்டினார்கள். நான் காதில் இரண்டு, பலத்தில் நாலு. கையில் ஒன்பது மிச்சம். இவ்வளவு நாள் அதை எதற்கு வைத்திருந்தேன்? அவன் யார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"ஒன்பதையும் மூச்சுன்னு எழுதுங்க. எழுதிட்டு, ஒன்பதையும் கொசுவுக்குக் கொடுங்க."

"கொடுத்தது திரும்பாதுங்க அய்யா. அப்புறம் உங்க ஆளுக்குப் போட ஒண்ணுமில்ல."

"தெரியும்மா. கணக்கர் சண்டை போட்டாரே."

மூன்றும் ஒன்பதும் பன்னிரண்டு. அவரை இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போட்டேன். ஆறு, நாலு, ஒன்று.

ஏப்ரல் 19

முகமூடிக்குள்ளிருந்து சொல்கிறேன். மருமகள் காதை அருகில் வைத்துக் கேட்டு எழுதுகிறாள்.

நேற்று பந்தம்மா என் ஆளின் தாளைக் கொண்டுவந்து காட்டினார். பேர் எழுதும் இடம் வெறுமையாக இருக்கிறதாம். வைக்கலாமா என்றார். இனி எதற்கு? புகைக்குள் குதிரைக்காரனுக்குப் பக்கத்தில் கல் அடுக்கிவிடுங்கள் என்றேன்.

கணக்கர் கட்டிலில் புதிதாக ஒருவர். டிரைவர் கட்டிலிலும். வெடிக்காரர் கட்டில் மட்டும் இன்னும் காலி.

"எல்லாரும் போயாச்சே மாமா, வெளிய வந்தது யாரு?" என்றாள் மருமகள். இத்தனை நாள் எழுதியவள், தெரியாமலா கேட்கிறாள். என் வாயால் சொல்ல வேண்டும் அவளுக்கு.

மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். மூச்சு மூன்று. எழுதிக்கொள்ளம்மா, பேர் கொசு.