படகு விசிறி வாங்கிய கதை

அன்புள்ள ரெஜினா,

முழங்கால் வலி தேவலையா? முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நம் படகை இருபது வருடம் ஓட்டிய நான், வேலைக்கு வந்த இந்த ஊரில் லிங்கராஜபுரம் கடையில் எஞ்சின் விசிறியின் அளவு கேட்டதும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "அண்ணே, புரொப்பல்லர் வேணுமா, தோசைக்கல்லு வேணுமா?" என்றார் கடைக்காரர் தியோடர். உன் தம்பிதான் போனில் அளவு சொல்லி மானத்தைக் காப்பாற்றினான்.

வேகமாக ஓடும் ரகமா, வலைப் பாரம் இழுக்கும் ரகமா என்று நான்கு ஞாயிறு அங்கே உட்கார்ந்து அலசி, பாரம் இழுப்பதையே எடுத்தோம். தியோடர் வீட்டு மாமியார் சண்டைகூட இப்போது எனக்கு அத்துப்படி.

தம்பி நெளிந்த விசிறியோடு கரையோரமாகவே போய்வருவது தெரியும். இதை மாட்டியதும் எஞ்சின் சத்தத்தைப் போனில் பதிந்து அனுப்பு. நீளமாகவே பதி, நடுவில் நீயும் ஏதாவது பேசு.

டூட்டிக்கு நேரமாகிவிட்டது.

உன்
பாஸ்கல்

பி.கு.: பார்சலில் இருக்கும் பில்லின் தேதியைப் பார்த்துத் திட்டாதே. முதல் ஞாயிறே வாங்கிவிட்டேன்; மற்ற மூன்று ஞாயிறும் படகைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்ததே என்றுதான் போனேன்.