படுக்கவைக்க முடியாத தூண்

ஜூன் 3

அன்புள்ளவருக்கு,

நலமாக இருக்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது, அதனால்தான் கடிதம்.

நீங்கள் வீட்டைவிட்டுப் போன இந்தப் பதினோரு மாதமாகப் பின்கொட்டகையில் கிடந்த உங்கள் மிக் வெல்டிங் மெஷினை எடுத்துவிட்டேன். கோபப்படாதீர்கள். மாடிப்படியின் கைப்பிடித் தூண்கள் நாலும் ஆடுகின்றன. வருகிறேன் என்ற ஆட்கள் யாரும் வரவில்லை. சனிக்கிழமை வெல்டிங் வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

மெஷினில் வோல்ட்டுக்கும் கம்பி வேகத்துக்கும் உள்ள இரண்டு திருகுகளிலும் என் நெயில் பாலிஷால் சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறீர்களே, அதில் வைத்தால் கீழே கிடக்கும் தகடு நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் தூண் நிற்கிறது. படியின் பக்கத் தகட்டோடு மேலும் கீழுமாக ஒரு சாண் ஒட்டவேண்டும். அதே புள்ளியில் கீழிருந்து ஏறினால் இரும்பு மெழுகு மாதிரி வழிந்து என் ஷூவில் விழுகிறது. நிற்கும் வெல்டிங் அடுத்த பருவத்தில்தான் என்கிறார் வகுப்பு மாஸ்டர். மகளோ இருபதாம் தேதி விடுமுறைக்கு வருகிறாள். அவள் அறை மாடியில்.

நிற்கும் தூணுக்குத் திருகுகளை எவ்வளவில் வைக்கவேண்டும்? தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள்.

மகளின் அம்மா

ஜூன் 6

டீச்சருக்கு,

இதெல்லாம் ஒரு விஷயமா? புள்ளி அப்படியே இருக்கட்டும். மேலேயிருந்து கீழே சரசரன்னு இழு, வழியாது.

நானும் இருபதாம் தேதி வரலாம்னு பார்க்கிறேன். வந்தா எத்தனை நாள் இருக்கலாம்?

மகளின் அப்பா

ஜூன் 9

அன்புள்ளவருக்கு,

முதலில் பழைய துண்டுத் தகட்டில், நீங்கள் சொன்னபடி இழுத்தேன். அத்தனை அழகு. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக்கூடக் காட்டினேன். பிறகு சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன். ஸ்டிக்கர் உரிவது போல வந்துவிட்டது. உள்ளே ஒன்றும் பிடிக்கவே இல்லை.

அப்போதுதான் யோசித்தேன். நம் கேட்டைப் பற்றவைக்க நாலு பேரைக் கூப்பிட்டு அதைக் கழற்றித் தரையில் கிடத்தினீர்கள். ஜன்னல் கம்பியையும் அப்படித்தான். பத்தொன்பது வருடம் அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்திருக்கிறேன். நிற்கும் வெல்டிங் ஒருதரமாவது செய்திருக்கிறீர்களா?

வழி தெரியாத ஊரிலும், மருந்துச் சீட்டு புரியாதபோதும், "எல்லாம் எனக்குத் தெரியும், நீ பேசாம வா" என்பீர்கள். இந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு நம் பெண் ஏறப்போகிறாள். அதனால் கேட்கிறேன்.

மகளின் அம்மா

ஜூன் 14

டீச்சருக்கு,

செய்ததில்லை. எனக்குத் தெரியாது.

இதை எழுதவே ரெண்டு நாள் ஆச்சு. கம்பெனியில் பக்கத்து வெல்டிங் மேஜைக்காரன் என்னைவிடப் பன்னிரண்டு வயசு சின்னவன். அவன்கிட்டப் போய், "எனக்கு இது வராதுப்பா, சொல்லிக்குடு"ன்னு கேட்டேன். "அண்ணே, நீங்களா?"ன்னு சிரிச்சான். சிரிக்கட்டும். மூணு நாள் சாப்பாட்டு நேரத்தில் பழகினேன். முதல் நாள் என் ஷூவும் போச்சு.

0.8 மில்லி கம்பிக்கும், நம்ம அஞ்சு மில்லி இரும்புக்கும் புள்ளியைவிடக் குறைக்கணும். வோல்ட் இருபதரையிலிருந்து பதினெட்டு. கம்பி வேகம் ஆறிலிருந்து நாலரை. கீழேயிருந்து மேலே ஏறு. ரெண்டு ஓரத்திலும் ஒரு கணம் நில்லு, நடுவில் சட்டுன்னு தாண்டிடு. தகரத்தில் மழை விழற மாதிரி ஒரே சீரா சத்தம் வரணும். வெடிச்சு வெடிச்சு வந்தா கொஞ்சம் திருகிப் பாரு. உன் மெஷினில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். துண்டுத் தகட்டில் தட்டிப் பார்த்துட்டு அப்புறம் தூணைத் தொடு.

மகளின் அப்பா

ஜூன் 17

அன்புள்ளவருக்கு,

என் மெஷினில் பதினேழேமுக்கால். துண்டுத் தகட்டைச் சுத்தியலால் அடித்தேன். தகடுதான் வளைந்தது, ஒட்டு விடவில்லை. பிறகு மூன்று தூண்கள் முடித்தேன். கம்பளிப்பூச்சி ஏறுவது மாதிரி இருக்கிறது, அழகு போதாது. ஆனால் தொங்கிப் பார்த்தேன், என் எடையைத் தாங்குகிறது. அது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.

திருகுகளில் இரண்டாவது புள்ளி வைத்துவிட்டேன். நீல நெயில் பாலிஷ். உங்கள் கடிதத்தின் முதல் வரியை எத்தனை தரம் படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

எத்தனை நாள் இருக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கும் தெரியாது. வாருங்கள். நாலாவது தூணைத் தொடாமல் வைத்திருக்கிறேன். பழைய ஷூ போட்டுக்கொண்டு வாருங்கள்.

உங்கள் டீச்சர்