மாப்பிள்ளை சொன்ன மலை

குர்லா
27 ஏப்ரல் 2025

என் அருமை விஜயராணிக்கு,

நான் நலம். கல்யாணப் பெண் நீ நலமில்லாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அதனால் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

உன் போனை உன் அண்ணன் எடுத்து எடுத்துப் பார்க்கிறார், கல்யாண வாட்ஸப் குழுவில் மாமியார் வரைக்கும் உட்கார்ந்திருக்கிறார் என்று புலம்பினாய். சரி, பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடியில் சீட்டு தள்ளிய மாதிரி இனிமேல் பூ சாம்பிள் டப்பாவுக்குள் கடிதம். என் பட்டறையில் வேலை செய்கிற கீதா உங்கள் திலக் நகர்க்காரிதான், வீட்டுக்குப் போகிற வழியில் கொடுத்துவிடுவாள். தாராவிப் பள்ளியில் நம் வகுப்பில் ஒழுங்காகத் தமிழ் எழுதியதே நாம் இரண்டு பேர்தான். கை மறந்துபோகாமல் இருக்கட்டும்.

உன் கல்யாண மேடை அலங்கார விஷயத்துக்கு வருகிறேன். எல்லாக் கல்யாணத்துக்கும் ஒரே பிளாஸ்டிக் யானையை நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். மேடையில் ஒரு பாதி, பெண் மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னது. மறு பாதி, மாப்பிள்ளை பெண்ணைப் பற்றிச் சொன்னது. தனித்தனியாகத்தான் கேட்பேன். பெண் பார்க்க வந்த அன்று உங்கள் வீட்டு ஃபேன் கடகடவென்று ஆட, உன் ஆள் நாற்காலியில் ஏறி ஸ்க்ரூவை முடுக்கினார் என்றாயே, உன் பாதிக்கு அது போதும். மல்லிகைப் பூ சுற்றிய பெரிய ஃபேன் ஒன்று தொங்கப்போகிறது.

ஆனால் நீ பெரிய கள்ளிதான் போ! நேற்று உன் மாப்பிள்ளை வேல்ராஜ் வந்தார். "விஜின்னா முதல்ல என்ன ஞாபகம் வருது?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "மலைதான் அக்கா. பெரிய மலை. ரெண்டு பேரும் நனைஞ்சே போயிட்டோம்" என்றார். தண்ணீர் விழுகிற மாதிரி வைக்க முடியுமா என்று வேறு கேட்டார். பைபரில் செய்துவிடலாம் என்றதற்கு, "மலையை எப்படிக்கா பைபர்ல செய்வீங்க?" என்று ஒரே சிரிப்பு. என் தொழிலைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்!

மாத்தேரானா, லோனாவ்லாவா? எந்த அருவிக்குப் போனீர்களடி, என்னிடம்கூடச் சொல்லாமல்?

உன்
பரீ

*

திலக் நகர்
28 ஏப்ரல்

அன்பு பரீ,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சிரிப்பு வரவில்லை.

நான் அவரோடு எந்த மலைக்கும் போனதில்லை. அவரைப் பார்த்ததே பெண் பார்க்க வந்த அன்றும், மாட்டுங்காவில் சேலை எடுத்த அன்றும், நிச்சயதார்த்தத்திலும்தான். மூன்று இடத்திலும் அம்மா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். இதில் எங்கே நனைவது?

அவரோடு நனைந்தது யார் பரீ? நீ சரியாகக் கேட்டாயா? அவர் என் பெயரைச் சொன்னாரா, அல்லது வேறு யாரோ ஞாபகத்தில் வாய் தவறி வந்துவிட்டதா?

விஜி

*

குர்லா
30 ஏப்ரல்

விஜிக் கண்ணே,

என் வாயைத் தைக்க வேண்டும். நீங்கள் இருவரும் ரகசியமாகப் போய்வந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக் கேலி செய்தேன்.

ஆனால் என் காதில் பழுதில்லை. 'மலை' என்றுதான் சொன்னார், இரண்டு தடவை. ஒருவேளை நண்பர்களோடு போனதை நினைத்துச் சொல்லியிருப்பார். என் வீட்டுக்காரர் தௌசீப், "அவங்க விஷயத்துல நீ தலையிடாத, பூவை மட்டும் பாரு" என்கிறார். நீயும் மனதில் வைத்துக்கொள்ளாதே. சாப்பிடு. ரவிக்கை அளவு எடுத்த பிறகு இளைத்தால் தையல்காரி என்னைத்தான் திட்டுவாள்.

பரீ

*

திலக் நகர்
5 மே

பரீ,

மனதில் வைத்துக்கொள்ளாதே என்று எழுதுவது சுலபம். சயானில் வேலைக்குப் போனாலும், பில் கவுண்டரில் உட்கார்ந்து ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய ரசீதை இன்னொருவருக்குக் கொடுக்கிறேன். நண்பர்களோடு போனதற்கு "ரெண்டு பேரும்" என்பாரா? என்னைப் பற்றிக் கேட்டால் அது ஏன் ஞாபகம் வர வேண்டும்?

அவர் எனக்குத் தினமும் காலையில் பூப்படம் போட்டு 'குட் மார்னிங்' அனுப்புகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம், இதே படம் இன்னும் யாருக்குப் போகிறதோ என்று தோன்றுகிறது. எனக்கே இது அசிங்கமாக இருக்கிறது.

நீ அவரிடம் வேலை விஷயமாகப் பேசுவாய் அல்லவா? மெல்ல விசாரி. அது எப்போது நடந்தது என்று மட்டும் கேள். நான் கேட்டேன் என்று தெரிய வேண்டாம்.

விஜி

*

குர்லா
9 மே

அன்பு விஜி,

இதை எழுதாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

விளக்கு நிறம் கேட்கிற சாக்கில் போன் போட்டேன். "அன்னிக்கு வெளிச்சம் எப்படி இருந்துச்சு? எப்ப நடந்தது அது?" என்று கேட்டேன். "போன வருஷம் ஜூலைல அக்கா. சாயங்காலம், ஆனா ஏக் தம் கும்மிருட்டு" என்றார். உன் சாதகமே நவம்பரில்தானே அவர்கள் வீட்டுக்குப் போனது? அப்புறம் அவராகவே, "வீட்ல யாருக்கும் தெரியாது. நீங்க சொல்லிராதீங்க. விஜிட்ட நானே சொல்லுதேன்" என்றார்.

எத்தனையோ ஜோடிகளுக்கு மேடை போட்டிருக்கிறேன். வீட்டுக்குத் தெரியாத ஒன்றைக் கல்யாண மேடையில் வைக்கச் சொன்ன மாப்பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன். நல்லவராகத்தான் தெரிகிறார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. யோசித்துச் செய்.

பரீ

*

திலக் நகர்
12 மே

பரீஹா,

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. உன்னிடம் மட்டும் எப்படி இவ்வளவு சொல்கிறார்? எனக்குப் பூப்படம், உனக்கு மலை, அருவி, ஜூலை, இருட்டு. உன் பட்டறைக்கு மூன்று தடவை வந்தாராமே, கீதா சொன்னாள். நீ ஒரு தடவை வந்ததைத்தான் எழுதினாய்.

மேடை அழகாக வர வேண்டும் என்று நீ ஏதாவது சேர்த்துச் சொல்கிறாயா? அல்லது எதையாவது குறைத்துச் சொல்கிறாயா? எனக்கு இப்போது யாரை நம்புவது என்றே தெரியவில்லை.

விஜயராணி

*

குர்லா
14 மே

விஜயராணி அவர்களுக்கு,

மாப்பிள்ளை மூன்று தடவை வந்தது உண்மை. ஒரு தடவை என்னைப் பார்க்க, மற்ற இரண்டு தடவையும் உங்கள் ஃபேனுக்குத் தன் கையாலேயே பெயின்ட் அடிக்க. யாருடையதோ பழைய ஃபேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கு மேடையில் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று இதை எழுதவில்லை.

சந்தேகத்தை என் பட்டறை வாசல் வரைக்கும் கொண்டுவருவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. வேலையைப் பேசியபடி முடித்துக் கொடுக்கிறேன்.

பரீஹா தௌசீப்

*

திலக் நகர்
20 மே

பரீ,

உன் கடிதத்தில் 'அவர்களுக்கு' என்ற வார்த்தையைப் பார்த்து அழுதேன். உன்னிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் இப்போது அதைவிடப் பெரிதாக ஒன்று நடந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்து அண்ணன் இசக்கிதுரை குடைந்து குடைந்து கேட்டான். சொல்லிவிட்டேன். நேரே தாராவிக்குப் போய்விட்டான். அங்கே அவர் தோல் பைப் பட்டறையில், வேலை செய்கிறவர்கள் எல்லாரும் பார்க்க, சட்டையைப் பிடித்தானாம்.

"எலே, போன வருசம் எவ கூட மலையில நனைஞ்ச?" என்று கேட்டிருக்கிறான்.

அவர் மறுக்கவே இல்லை பரீ. "நனைஞ்சது நெசந்தான் மச்சான். அதுக்கு ஏன் இம்புட்டு டென்ஷன் ஆவுதிய?" என்றாராம்.

"வீட்டுக்குத் தெரியுமால?"

"தெரியாது. ஒங்க தங்கச்சிட்ட நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? அண்ணன் அவரைத் தள்ளிவிட்டு வந்துவிட்டான். அம்மா, "ஏட்டி, தாலி ஏறுததுக்கு முந்தியே தெரிஞ்சுதே, அதுவரைக்கும் நல்லதுன்னு நெனைச்சுக்கோ" என்கிறாள். நிச்சயத்துக்கு வந்த சேலையையும் தட்டுச் சாமான்களையும் வருகிற ஞாயிறு திருப்பிக் கொடுக்க அப்பா போகிறார். மேடை வேலையை நிறுத்திவிடு.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

விஜி

*

திலக் நகர்
21 மே

பரீ, பரீ,

நேற்றுக் கொடுத்த கடிதத்துக்கு உன் பதில் வருவதற்குள் இதை எழுதுகிறேன். அவசரத்தில் கிறுக்குகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

இன்று மத்தியானம் சயானில் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. போன் அடித்தது. அவருடைய வாய்ஸ் மெசேஜ். அவ்வளவு அவமானப்பட்ட மனிதர் திட்டத்தான் போகிறார் என்று காதில் வைத்தேன்.

"விஜி, பெரிய மலை வருது. குடை இருக்கால்லா? குர்லால ட்ரெயின் நின்னாலும் நின்னுரும், சீக்கிரம் கெளம்பிரு."

அவ்வளவுதான் பேசினார்.

மலை வருதாம். மலை எப்படியடி வரும்?

நான் கவுண்டரிலேயே உட்கார்ந்துவிட்டேன். தாராவியில் பிறந்து இந்தி மீடியத்தில் படித்தவருக்கு 'ழ' எங்கே வரும்? நிச்சயத்தன்று பழத்தட்டைப் 'பலத்தட்டு எங்க' என்று கேட்டதற்கு நாம் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோமே! தமிழை அவர் 'தமில்' என்றுதானே சொல்கிறார்! அவர் மழை என்று சொன்னார் பரீ. போன ஜூலையில், பெரிய மழையில், என்னை எங்கேயோ பார்த்திருக்கிறார். சாதகம் வருவதற்கு முன்னாலேயே. பக்கத்தில் நனைந்தது நானேதான்.

அண்ணன் போய்க் கேட்டபோதும் அவர் காதில் மழை என்றுதான் விழுந்திருக்கும். மழையில் நனைந்ததற்கு யாராவது சட்டையைப் பிடிப்பார்களா என்று திகைத்துப்போய் நின்றிருப்பார்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஞாயிறு போகப்போவதில்லை. நான் போக வேண்டும். எந்த முகத்தோடு போவது?

உன் விஜி

*

குர்லா
23 மே

என் கண்ணே விஜி,

படித்ததும் நெஞ்சில் அடித்துக்கொண்டேன். ழகரம் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவளின் காது இது! "மலையை எப்படிக்கா பைபர்ல செய்வீங்க" என்று அந்த மனிதர் சிரித்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? 'எந்த மலை' என்று கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். நான் போய்த் தேதியைக் கேட்டேன், வெளிச்சத்தைக் கேட்டேன்.

பயப்படாமல் போ. கோபித்துக்கொண்ட ஆள் குடை இருக்கிறதா என்று கேட்க மாட்டார்.

பாதி செய்த மலையைப் பட்டறைக்குப் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டேன். மாப்பிள்ளை பாதிக்கு மழையே செய்துவிடுகிறேன். மேலிருந்து கண்ணாடி மணிச் சரங்கள், நடுவில் ஒரு குடை, நீல விளக்கு. பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள். அவரிடம் கேட்டு, எந்த இடம், நீ அன்று என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாய் என்று மட்டும் எழுது. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

என்றும் உன்
பரீ

*

திலக் நகர்
29 மே

அன்பு பரீ,

நேற்று அண்ணனையும் கூட்டிக்கொண்டு தாராவிக்குப் போனேன். எல்லார் முன்னாலும் சட்டையைப் பிடித்தவன், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டான். அவர் அவனுக்கு நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். என்னை வெளியே ஷட்டர் பக்கம் வரச் சொன்னார்.

கல்யாணம் நடக்கும். ஜூன் எட்டாம் தேதி, செம்பூர் மண்டபத்தில், அதே முகூர்த்தத்தில். "அதை நிறுத்துறதுக்கு எனக்கு மனசு இல்ல" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அவர் முகம் இளகவில்லை.

"ஒனக்கு ஒரு சந்தேகம் வந்துச்சு. அது பரீஹா அக்காட்ட போச்சு. ஒங்க அண்ணன்ட்ட போச்சு. ஒங்க அம்மா அப்பாட்ட போச்சு. என்ட்ட மட்டும் வரல, பாத்தியா?"

"எந்த மழை? இப்பச் சொல்லுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"கல்யாணத்தன்னிக்கு மேடையில வச்சுச் சொல்லணும்னு ஆசையா வச்சிருந்தேன். இப்பச் சொன்னா சாட்சி சொன்ன மாதிரி ஆயிரும் விஜி. வேண்டாம், விடு" என்றார்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அம்மாதான். பேசி முடிக்கும்வரை அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார், நான் என்ன சொல்கிறேன் என்று. நான் அவரைப் பார்த்த பார்வை இப்போது அவரிடம் இருக்கிறது. அது போக எத்தனை நாள் ஆகுமோ தெரியவில்லை. போகிறவரைக்கும் இருக்க வேண்டியதுதான், நான் செய்தது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து போன ஜூலையைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். சயானில் ஒரு நாள், குர்லா பாலத்தில் ஒரு நாள், இங்கே ஸ்டேஷன் வாசலில் ஒரு நாள். எல்லா நாளும் நனைந்திருக்கிறேன். எல்லா நாளும் பக்கத்தில் யாரோ நின்றிருக்கிறார்கள். ஒரு முகம்கூட ஞாபகம் வரவில்லை பரீ. ஒருவர் என்னை மனதில் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்திருக்கிறார், நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்கவில்லை.

அதனால் கண்ணாடி மணிச் சரம் வேண்டாம். குடை வேண்டாம், நீல விளக்கு வேண்டாம். அது நமக்குத் தெரியாத மழை. என் பாதியில் ஃபேன் இருக்கட்டும். அவர் பாதிக்கு வெறும் வெள்ளைத் துணி மட்டும் கட்டு. யாராவது கேட்டால், மாப்பிள்ளை இன்னும் சொல்லவில்லை என்று சொல்லிவிடு.

உன்
விஜி