கடலில் விழுந்த வால்வுகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி போய்விட்டதாக அம்மா சொன்னாள். நீங்கள் சொல்லச் சொல்லித்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரியாதா?

இங்கே குடிநீர் அலுவலகத்தில், தெரு வால்வுகளைக் கணினி வரைபடத்தில் ஏற்றும் வேலை. அதற்கான மென்பொருள் முழுக்க இலவசமாம். அதை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாமாம். உங்கள் மகள் நம்புவாளா? "ஓசியில எவன் சார் குடுப்பான்? உள்ள ஏதோ வில்லங்கம் இருக்கு" என்று மேலதிகாரியைக் குடைந்தேன். "முதல்ல போட்டுப் பாரும்மா" என்றார்.

போட்டேன். தெருத்தெருவாக அலைந்து குறித்த வால்வுகள் அத்தனையும் நடுக்கடலில் போய் விழுந்தன! "பாத்தீங்களா, அப்பவே சொன்னேன்ல!" என்று குதித்தேன். பக்கத்து மேசை அக்கா எட்டிப் பார்த்தார். "தீர்க்கரேகை கேட்ட இடத்துல அட்சரேகையைக் குடுத்துட்டு, அதைப் போய்த் திட்டுறியே!" மாற்றிக் கொடுத்ததும் எல்லாம் சமர்த்தாகத் தெருவுக்குத் திரும்பின. இருந்தாலும் அதன்மேல் ஒரு கண் வைத்திருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு சின்ன வேலை. அந்த வரைபடத்தில் நம் தெரு இருக்கிறது, நம் வீடு இல்லை. வாசலில் நின்று, செல்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இரண்டையும் அனுப்புங்கள். நான் வீட்டை வைத்துவிடுகிறேன். முழங்கால் வலியில் நிற்க முடியவில்லையென்றால், உண்மையைச் சொல்லுங்கள்.

மேலதிகாரி கூப்பிடுகிறார், ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். தூரம் அளக்கவும் அதில் ஒரு கருவி உண்டு. நேற்று என் அறையிலிருந்து நம் தெருவரை கோடு இழுத்தேன். அது காட்டிய தூரத்தை மட்டும் நான் நம்பவே மாட்டேன், அப்பா. அவ்வளவு குறைவாக இருக்கவே முடியாது.

உங்கள்
சந்தேகப் பிராணி