கனடாவில் வரைந்த பள்ளி மண்டபம்

பாளையங்கோட்டை,
அக்டோபர் 14.

அன்பு மகள் டார்லினுக்கு, அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். உனக்கும் மருமகனுக்கும் அந்தக் குளிர் தேசத்தில் ஒரு குறையும் வராதிருக்க தினமும் ஜெபிக்கிறோம். போனில் பேசினால் நீ இடையிலேயே சமாதானம் சொல்லிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ வேலை பார்க்கும் ஆவணக் காப்பகத்திலிருந்து அனுப்பிய வரைபடம் வந்து சேர்ந்தது. நம் பள்ளிக்கூட மண்டபத்தை வரைந்தவர் டன்மோர் என்ற கனடாக்காரர் என்று எழுதியிருந்தாய். ஒன்டாரியோ பக்கத்துச் சிற்றூர்களில் மூன்று வங்கி, ஒரு நூலகம், ஒரு ரயில் நிலையம் கட்டியவர். யுத்தம் வந்து வேலை நின்றுபோக, கடைசியில் டிராயிங் வாத்தியாராகக் காலம் தள்ளியவர். இந்தியாவுக்கு வந்ததே இல்லை, மிஷனரி நண்பருக்காக 1912இல் தபாலில் அனுப்பிய படம் இது என்றாய். நானும் முப்பத்தோரு வருஷம் டிராயிங் வாத்தியார். அவர்மேல் கோபப்படவும் மனசு வரமாட்டேன் என்கிறது.

ஆனால் என் தாத்தா வேதமுத்து கொத்தனார் மனசிலேயே பிளான் போட்டுக் கட்டிய மண்டபம் என்றுதானே உனக்குச் சொல்லி வளர்த்தேன்? படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிச்சுற்றி வந்தேன். புகைபோக்கி படத்தில் உள்ளபடியே இருக்கிறது. நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று சின்ன வயசில் சிரிப்போம். ஆனால் மேற்கே இருக்கிற நீள வராந்தா படத்தில் இல்லை. படத்தில் ஜன்னல் இடுப்பளவு, இங்கே ஆள் உயரம். அப்படியானால் இது யார் கட்டடம்? காலையில் ஒன்று தோன்றுகிறது, சாயங்காலம் வேறொன்று.

மண்டபத்தை இடித்துக் கடைகள் கட்ட நிர்வாகம் முடிவு செய்திருந்தது உனக்குத் தெரியும். நான் கொண்டுபோய்க் காட்டிய வரைபடத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்கள். தாத்தா பெயரை வைக்கச் சொல்லி நான் முன்பு கொடுத்த மனுவை மட்டும் திரும்பப் பெற வேண்டுமாம். தலைமையாசிரியை பெர்சிஸ் வீட்டுக்கே வந்தார். "அண்ணாச்சி, கொத்தனார் கெட்டினதுன்னு சொன்னா நாளைக்கே இடிச்சிருவாவ. வெளிநாட்டு ஆள் பேரு இருந்தாத்தான் நிக்கும்" என்றார். 'வரைந்தவர் டன்மோர், கட்டியவர்கள் உள்ளூர் வேலையாட்கள்' என்று கல்லில் வெட்டப் போகிறார்கள். தாத்தா பேரை ஒரு வரி சேர்க்கலாமே என்று கேட்டேன். கல்லில் இடமில்லையாம்.

மனுவைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சுவர் நிற்கட்டும் என்று போட்டேனா, மறுத்துப் பேசத் தைரியமில்லாமல் போட்டேனா, எனக்கே புரியவில்லை. அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காப்பியை வைத்துவிட்டு, நீங்க செஞ்சது சரிதான் என்றாள். அதற்குப் பிறகு குழப்பம் இன்னும் கூடிவிட்டது.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை மகளே. டன்மோரைப் பற்றிய உன் ஆராய்ச்சியில் உள்ளதை உள்ளபடி எழுது, என் மனசுக்காக ஒரு எழுத்தும் கூட்ட வேண்டாம்.

டிசம்பர் ஐந்தாம் தேதி கல் திறப்பு. எனக்கு முன்வரிசையில் நாற்காலியாம். போய் உட்காரவா, வீட்டிலேயே இருந்துவிடவா? லீவு கிடைத்தால் வந்துவிட்டுப் போ. நீ பக்கத்தில் இருந்தால், எல்லாரும் கைதட்டும்போது நானும் தட்டிவிடுவேன்.

வரும் வழியெல்லாம் கர்த்தர் உனக்குத் துணையிருப்பாராக.

உன் அப்பா,
அப்பாத்துரை